அன்னம்மாளின் ஜெபக்குறிப்பு

இந்த வருஷம் ஈஸ்டருக்கு முந்தின லெந்து நாட்களின் மூன்றாவது புதன்கிழமை சாயங்காலம், அம்பத்தூர் எஸ்டேட்டில் பஸ் ஏறியபோது அன்னம்மாளின் வயிற்றில் சோறு இல்லை, ஒரு ரகசியம் இருந்தது. சோறு இல்லாததற்குக் காரணம் உபவாசம். ரகசியம் ஸ்வீட்லினுடையது.

ஸ்வீட்லின் அதே கம்பெனியில் பேக்கிங்கில் வேலை செய்கிற பெண். இருபத்தேழு வயது. அன்னம்மாள் போகிற சர்ச்சுக்குத்தான் அவளும் போகிறாள். ஈஸ்டர் முடிந்ததும் அவளுக்கும் ஃபெலிக்ஸுக்கும் கல்யாணம். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம் நிச்சயமாகியிருக்கிறது, ஆட்சேபம் உள்ளவர்கள் சொல்லலாம் என்று மூன்று ஞாயிறு ஆராதனையில் ஓலை வாசிப்பார்கள். போன ஞாயிறு முதல் ஓலை வாசித்தாகிவிட்டது. செவ்வாய்க்கிழமை மத்தியானம், சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு ஸ்வீட்லின் அழுதாள்.

“அக்கா, ரெண்டு வருஷம் முன்னாடி நான் மனசு சரியில்லாம ஆஸ்பத்திரில ஒரு மாசம் இருந்தேன். இப்பவும் மாத்திரை போட்டுக்கினுதான் கீறேன். அவருக்குத் தெரியும், மொதல்லயே சொல்லிட்டேன். அத்தைக்குத்தான் தெரியாது. என் வாயாலதான் அவங்களுக்குச் சொல்லணும். எப்படின்னுதான் தெரியல. ஜெபம் பண்ணிக்கோங்கக்கா. யார்கிட்டயும் சொல்லிடாதீங்க.”

அந்த அத்தை, ஃபெலிக்ஸின் அம்மா சகாயமேரி. புதன்கிழமை ஜெபக் கூட்டத்தில் அன்னம்மாளுக்கு நேர் எதிரே, ஃபேனுக்குக் கீழே இடம் பார்த்து உட்காருகிறவள் அவள்தான். கூட்டத்தை நடத்துகிறவள் அன்னம்மாள். பஸ் போய்க்கொண்டிருந்தது அந்தக் கூட்டத்துக்குத்தான்.

வாயை மூடிக்கொண்டு இருந்தால் முடிந்தது, இதில் என்ன பெரிய போராட்டம் என்று கேட்கிறவர்களுக்கு அன்னம்மாளைத் தெரியாது.

அவளுக்கு ஐம்பத்திரண்டு வயது. அதில் இருபத்திரண்டு வருஷம் அந்தக் கம்பெனியிலேயே போயிருக்கிறது. தண்ணீர் பம்புக்குள் மாட்டுகிற சின்னச் சின்ன உலோக வளையங்களை அங்கே கடைகிறார்கள். வளையத்தின் ஓட்டை சரியான அளவில் இருக்கிறதா என்று பார்ப்பது அன்னம்மாளின் வேலை. கையில் கேஜ் என்று விரல் நீளத்துக்கு ஓர் இரும்புக் கட்டை. அதன் ஒரு முனை ஓட்டைக்குள் போக வேண்டும், மறு முனை போகக் கூடாது. போகக் கூடாதது போனாலும் சரி, போக வேண்டியது போகாவிட்டாலும் சரி, வளையம் சிவப்பு டப்பாவில் விழும். குவாலிட்டி மேடம் என்றுதான் அவளைக் கூப்பிடுவார்கள்; அவள் வந்துவிட்டால் லேத்துக்காரர்கள் பாட்டை நிறுத்திவிடுவார்கள். பார்த்த மாத்திரத்தில் தப்பைப் பிடிக்கிற கண் தனக்கு என்பதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமை உண்டு. கொஞ்சம் என்ன, நிறையவே உண்டு.

அந்தக் கண்ணை அவள் கம்பெனியில் கழற்றி வைத்துவிட்டு வருவதில்லை. கரையான்சாவடியில் மெயின் ரோட்டுக் கடைகளுக்குப் பின்னால் இருக்கிற அவள் தெருவில் சாத்தான் எங்கெங்கே நிற்கிறான் என்று ரொம்ப நாள் அவளுக்குத் துல்லியமாகத் தெரிந்திருந்தது. முனையில் உடைத்த பூசணிக்காயில் நின்றான். ஜெப வேளையில் கரண்டை நிறுத்தினான். மைக்கைக் கீச்சிட வைத்தான். பஸ் வராவிட்டால் அவன், வந்த பஸ்ஸில் உட்கார இடம் இல்லாவிட்டால் அதுவும் அவன். எதிர்வீட்டு சாமுண்டீஸ்வரி தன் டிபன் கடை வாசலில் எலுமிச்சம்பழம் நறுக்கி வைத்த நாளெல்லாம் அன்னம்மாள் தெருவின் அந்தப் பக்கம் போய் நடப்பாள்.

“யக்கா, அது என் கடைக்குக் கண்ணு பட்டதுக்குப் போட்டது. உன்னை இன்னா பண்ணப்போவுது?” என்று சாமுண்டீஸ்வரி சிரிப்பாள். அன்னம்மாள் உதட்டுக்குள் ஜெபித்துக்கொண்டே போவாள்.

புருஷன் பால்ராஜ் மோட்டார் ரிப்பேர் செய்கிற மனுஷன். நாலு வார்த்தை பேச வேண்டிய இடத்தில் ஒரு வார்த்தையோடு நிறுத்திக்கொள்வான். அவனே தினமும் காலையில் டீயைக் கொடுத்துவிட்டு, “இன்னிக்கிப் பிசாசுக்கு எங்க டூட்டி?” என்று கேட்பான். அன்னம்மாளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். ஆவிக்குரிய யுத்தம் இந்த ஆளுக்கு விளையாட்டாகப் போய்விட்டது என்று அவனுக்காகவும் தனியாக ஜெபிப்பாள்.

நாலு வருஷத்துக்கு முன்னால் நிஷா விஷயம் நடந்தது.

நிஷாவும் புதன்கிழமைக் கூட்டத்துக்கு வந்துகொண்டிருந்தவள்தான். குடியை நிறுத்துவதற்காக அவள் புருஷன் மறுவாழ்வு மையத்தில் தானே போய்ச் சேர்ந்திருந்தான். வெளியே கேட்டவர்களிடம் வேலை விஷயமாக ஓசூர் போயிருக்கிறார் என்று சொல்லிவைத்திருந்தாள். அன்னம்மாளிடம் மட்டும் உண்மையைச் சொன்னாள். நிஷா வராத ஒரு புதன்கிழமை, ஆளாளுக்கு ஜெபக்குறிப்பு சொல்லி முடித்ததும், மகனுக்கு வேலை, மாமியாருக்கு முழங்கால் எல்லாம் நீல நோட்டில் எழுதி முடித்ததும், அன்னம்மாள் முந்தானையை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டாள். குரலைத் தாழ்த்தினாள்.

“மனசுக்கு ஒரே பாரமா கீது. பேர் சொல்ல வேணாம். நம்ம சகோதரி ஒருத்தி. புதுசா மஞ்சக் கலர் ஸ்கூட்டி வாங்கிக்கினு வந்தாளே, அவ. வீட்டுக்காரர் குடியால மறுவாழ்வு மையத்துல கீறாரு. கண்ணீரோட ஜெபிக்கணும்.”

கரையான்சாவடி முழுக்கத் தேடினாலும் மஞ்சள் ஸ்கூட்டி வைத்திருந்த சபைப் பெண் ஒரே ஒருத்திதான். பதினைந்து பெண்களும் கண்ணீரோடு ஜெபித்தார்கள். அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் ஞாயிற்றுக்கிழமைக்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது. நிஷாவின் புருஷன் குணமாகி சர்ச்சுக்கு வந்த முதல் ஞாயிறு, மூன்று பேர் அவன் தோளில் கை வைத்து ஆறுதல் சொன்னார்கள். அடுத்த ஞாயிறு அவன் வரவில்லை. நிஷாவும் வரவில்லை. இரண்டு மாதத்தில் வீட்டைக் காலி செய்துகொண்டு வேப்பம்பட்டு பக்கம் போய்விட்டார்கள்.

அன்னம்மாள் என்ன செய்தாள் தெரியுமா? ஒரு நல்ல குடும்பத்தைச் சத்துரு பிடுங்கிக்கொண்டு போய்விட்டானே என்று மூன்று நாள் உபவாசம் இருந்தாள். உண்மையாகவே அழுதாள். அவள் நடிக்கிறவள் இல்லை, அதுதான் இதில் சங்கடமே.

ஆறு மாதம் கழித்து, அவள் பார்த்து அனுப்பிய நானூறு வளையங்கள் பம்பு கம்பெனியிலிருந்து அப்படியே திரும்பி வந்தன. ஓட்டை சின்னது, ஷாஃப்ட் உள்ளே நுழையவில்லை என்று சீட்டு ஒட்டியிருந்தது. அன்னம்மாளுக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமில்லை. சூப்பர்வைசர் ராகவனின் மேஜைக்கே போய், ஒவ்வொரு வளையமாகக் கேஜைச் செருகிக் காட்டினாள்.

“பாருங்க சார், போவுதா? இதுவும் போவுதா? அவங்க ஷாஃப்ட் தப்பா இருக்கும்.”

ராகவன் வளையத்தைப் பார்க்கவே இல்லை. கேஜை வாங்கி, மைக்ரோமீட்டரில் வைத்து அளந்தார். இரண்டாவது தடவையும் அளந்தார்.

“கேஜ் தேஞ்சிருக்கு மேடம். மெலிஞ்ச கேஜ் சின்ன ஓட்டையிலயும் நுழையத்தான் செய்யும். இதைக் கடைசியா எப்ப அளந்தீங்க?”

அன்னம்மாள் கேஜைத் திரும்ப வாங்கிப் பார்த்தாள். ஆயிரக்கணக்கான வளையங்களை அளந்திருக்கிறாள். அளக்கிற கட்டையை அளந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. கண்ணுக்குப் பளபளவென்றுதான் இருந்தது. தினமும் கையில் புழங்கியதாலேயே தேய்ந்திருந்தது.

அன்றைக்கு பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்தபோது, சம்பந்தமே இல்லாமல் அந்த மஞ்சள் ஸ்கூட்டி நினைவுக்கு வந்தது. அப்புறம் தலைக்கு மேல் போன முந்தானை. தாழ்ந்த குரல். எல்லாரும் நாற்காலி நுனிக்கு நகர்ந்து வந்து கேட்டபோது தொண்டையில் இறங்கிய ஓர் இனிப்பு. அந்த இனிப்பை அவள் அப்போதே உணர்ந்திருந்தாள், அதை ஆவியானவரின் அசைவு என்று நினைத்திருந்தாள். தெருவில் இருக்கிற பிசாசையெல்லாம் கண்டுபிடித்த அன்னம்மாள், தன் நாக்கில் உட்கார்ந்து தன் குரலிலேயே ஜெபம் சொன்னவனைக் கண்டுபிடிக்கவில்லை. வெட்கத்தில் காது இரண்டும் எரிந்தன. இறங்க வேண்டிய ஸ்டாப்பைத் தாண்டி பூந்தமல்லி வரைக்கும் போய், திரும்பி வந்தாள்.

அடுத்த சனிக்கிழமை அம்பத்தூரில் ரயிலேறி வேப்பம்பட்டுக்குப் போனாள். நிஷா கதவைத் திறந்தாள், உட்காரச் சொன்னாள், டீ போட்டுக் கொடுத்தாள். அன்னம்மாள் சுற்றி வளைக்காமல் தப்பைச் சொல்லி மன்னிப்புக் கேட்டாள். நிஷா டம்ளரை ஓரமாக நகர்த்தி வைத்தாள்.

“நீங்க தெருவுல நின்னு எங்களைத் திட்டியிருந்தா மறந்திருப்பேன்க்கா. எங்களுக்காக அழுது ஜெபம் பண்ணீங்க பாருங்க, அதைத்தான் மறக்க முடியல.”

மன்னித்தேன் என்று நிஷா சொல்லவில்லை. ஆனால் கிளம்பும்போது, வெயிலில் நடக்க வேண்டாம் என்று ஸ்டேஷன் வரைக்கும் வண்டியில் கொண்டுவந்து விட்டாள். அதே மஞ்சள் ஸ்கூட்டி.

அதிலிருந்து அன்னம்மாளின் யுத்தம் இடம் மாறியது. எலுமிச்சம்பழத்தைத் தாண்டி நேராக நடக்க ஆரம்பித்தாள். சாமுண்டீஸ்வரிக்கே அது ஆச்சரியம். தினமும் காலை ஏழரைக்கு, முதல் வளையத்தைத் தொடுவதற்கு முன்னால் கேஜை அளந்தாள். அளந்துகொண்டே, நேற்று யாரைப் பற்றி என்ன பேசினோம் என்று தன்னையும் ஒரு தடவை ஓட்டிப் பார்த்தாள். தான் விழுகிற விதத்தை வேவு பார்ப்பது போல் கவனித்தாள். பிடிபட்டது. ஜெபம் தொடங்குவதற்கு முன்பே முந்தானை தலைக்குப் போனால் ஆபத்து. ‘மனசுக்குப் பாரமா கீது’ என்று நாக்கு ஆரம்பித்தால் ஆபத்து. இன்னொன்று அவளே எதிர்பார்க்காதது: உபவாச நாட்களில்தான் அவள் அதிகம் விழுந்திருந்தாள். வயிறு காய்ந்தால் தன்னைவிடப் பரிசுத்தவாட்டி இல்லை என்ற நினைப்பு வந்துவிடும், அந்த நினைப்பு வந்தால் யாரைப் பற்றி வேண்டுமானாலும் பேசலாம் என்று தோன்றிவிடும். இதையெல்லாம் அவள் பால்ராஜிடம் மட்டும் சொன்னாள். அவன் அதற்கப்புறம் பிசாசின் டூட்டியைப் பற்றிக் கேட்பதில்லை. புதன்கிழமைகளில் மட்டும், “முந்தானை பத்திரம்” என்பான்.

இப்போது இந்தப் புதன்கிழமைக்கு வருவோம்.

பஸ்ஸை விட்டு இறங்கிய அன்னம்மாள் உடனே கூட்டத்துக்குப் போகவில்லை. நேராக சாமுண்டீஸ்வரியின் கடைக்குப் போய் ஒரு பன்னும் டீயும் கேட்டாள்.

“யக்கா, உன் விரத நாளாச்சே இன்னிக்கி?” என்று சாமுண்டீஸ்வரி பதறினாள்.

“அதை விடப் பெரிய வேலை ஒண்ணு கீது இன்னிக்கி. தெம்பு வோணும். சர்க்கரை தூக்கலா போடு.”

லெந்து நாளில் நட்ட நடுத்தெருவில் நின்று பன்னை டீயில் நனைத்துத் தின்றாள். சபைப் பெண்கள் இருவர் பார்த்துக்கொண்டே போனார்கள். பார்க்கட்டும் என்று கடைசித் துண்டையும் தின்றுவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு கிளம்பினாள். முந்தானையை இழுத்து இடுப்பில் இறுக்கிச் செருகிக்கொண்டாள்.

அன்றைக்குக் கூட்டம் சித்ரா வீட்டில். பாட்டு முடிந்தது, தியானம் முடிந்தது, நீல நோட்டு திறந்தது. ஆளாளுக்குச் சொன்னார்கள். கடைசியில் சகாயமேரி தொண்டையைச் செருமினாள்.

“எனக்கு ஒரு குறிப்பு கீது. பையன் கல்யாணம். ரெண்டாவது ஓலை வர்ற ஞாயித்துக்கிழமை.” கொஞ்சம் நிறுத்தி அன்னம்மாளைப் பார்த்தாள். “நீ அந்தப் பொண்ணு கூடத்தானே வேலை செய்யற? அவளைப் பத்தி ஜெபத்துல வெக்க வேண்டியது எதுனா இருந்தா சொல்லும்மா. எல்லாரும் சேர்ந்து ஜெபிக்கலாம். நாளைக்கு ஒண்ணு தெரிஞ்சு நாங்க வருத்தப்படக் கூடாது பாரு.”

பதினைந்து நாற்காலிகளும் ஒரே நேரத்தில் முன்னால் நகர்ந்தன. அன்னம்மாளின் தொண்டையில் அந்தப் பழைய இனிப்பு வந்து நின்றது. அது எவ்வளவு நியாயமாகப் பேசியது என்கிறீர்கள்! பெற்ற தாய் கேட்கிறாள், மறைப்பது பொய் அல்லவா, நீ சொல்லாவிட்டால் யார் சொல்வது, பேர்கூட வேண்டாம், கொஞ்சம் உடம்பு சுகத்துக்காக ஜெபிப்போம் என்று மட்டும் சொல் என்றது. அவள் வலது கை தன்னால் தோளுக்குப் போய் முந்தானையைத் தேடியது. முந்தானை அங்கே இல்லை. இடுப்பில் இறுகியிருந்தது.

அன்னம்மாள் குனிந்து தன் கையைப் பார்த்தாள். வந்துட்டியா, என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள். பயம் வரவில்லை. வருவான் என்று தெரிந்து காத்திருந்தவளுக்கு என்ன பயம்?

“கீது,” என்றாள் சத்தமாக. “ஜெபிக்க வேண்டியது ஒண்ணு கீது.”

சகாயமேரி கைக்குட்டையை எடுத்துக்கொண்டாள்.

“எனக்காக ஜெபம் பண்ணுங்க. என் நாக்குக்காக. நாலு வருஷத்துக்கு முன்னாடி ஒரு பொண்ணு என்னை நம்பி ஒரு விஷயத்தைச் சொன்னா. நான் அதை ஜெபம்னு சொல்லி இங்க கொட்டினேன். அந்தக் குடும்பம் இந்தச் சபையை விட்டே போச்சு. அது பிசாசு வேலைன்னு அன்னிக்கி உங்ககிட்டச் சொன்னேன். பிசாசு வேலைதான். ஆனா வேலையைச் செஞ்சு குடுத்தவ நான்.”

“யாரு, நம்ம நிஷா...” என்று சித்ரா ஆரம்பித்தாள்.

“பேர் வேணாம் சித்ரா. என் பேர் போதும்.” அன்னம்மாள் நீல நோட்டில் கடைசி வரியாகத் தன் பேரை எழுதினாள். “இனிமே இங்க இல்லாதவங்களைப் பத்தி, அவங்க சொல்லச் சொல்லாத எதுவும் இந்த நோட்டுல ஏறாது. என்கிட்ட யார் இன்னா சொல்லியிருந்தாலும் சரி, சொல்லாட்டாலும் சரி. இப்ப ஜெபிக்கலாமா?”

பிறகு மூலையில் இருந்து ஒருத்தி ஜெபத்தை ஆரம்பித்தாள். அன்னம்மாள் அப்போதுதான் முந்தானையை அவிழ்த்துத் தலையில் போட்டுக்கொண்டாள். அழுகை வந்தது. இது வேறு அழுகை, இதில் இனிப்பு இல்லை.

வாசலில் செருப்பு மாட்டும்போது சகாயமேரியின் முகம் சுருங்கியிருந்தது.

“பெரிய மனுஷி ஆயிட்ட நீ. கேட்டதுக்கு நேரா ஒரு பதில் வரல.”

“பொண்ணைப் பத்தித் தெரியணும்னா பொண்ணுகிட்ட பேசுங்கக்கா. நான் ஓட்டை அளக்குறவ. உங்க மருமவளை அளக்குறதுக்கு என்கிட்ட கேஜ் இல்ல.”

சகாயமேரி ஸ்தோத்திரம்கூடச் சொல்லாமல் போனாள். வலித்தது, பதினைந்து வருஷப் பழக்கம். ஆனால் வீட்டுக்கு நடக்கும்போது அன்னம்மாளின் கால் லேசாக இருந்தது. வாசலில் நின்ற பால்ராஜ் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, தட்டை எடுத்து வைத்தான்.

மறுநாள் அவள் ஸ்வீட்லினைத் தனியாகக் கூப்பிட்டாள். “உன் அத்தை என்கிட்ட உன்னைப் பத்திக் கேட்டாங்க. நான் ஒண்ணும் சொல்லல. கேட்டாங்கன்னு உனக்குத் தெரிஞ்சிருக்கணும், அதான்.” ஸ்வீட்லின் வெளுத்துப் போனாள். பிறகு தலையாட்டிவிட்டு வேலைக்குப் போனாள்.

ஞாயிறு இரண்டாம் ஓலை வாசித்தார்கள். திங்கட்கிழமை காலை ஏழரைக்கு அன்னம்மாள் மைக்ரோமீட்டரில் கேஜை வைத்துக்கொண்டிருந்தபோது ஸ்வீட்லின் மூச்சு வாங்க ஓடிவந்தாள்.

“அக்கா, நேத்து அத்தைகிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேன்.”

“இன்னா சொன்...” அன்னம்மாளின் குரல் தானாகத் தாழ்ந்தது. கை தோளுக்குப் போனது. கம்பெனிக் கோட்டுப் பித்தான்தான் அகப்பட்டது. அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“நல்லது பண்ண. போய் வேலையைப் பாரு.”

“இன்னா சொன்னாங்கன்னு கேக்க மாட்டீங்களாக்கா?”

“கேட்டா எனக்கு மனசுக்குப் பாரமா ஆய்டும். போ.”

மூன்றாம் ஓலை வாசித்தபோது ஆட்சேபம் சொல்ல யாரும் எழுந்திருக்கவில்லை. ஸ்வீட்லினுக்குப் பக்கத்தில் சகாயமேரி உட்கார்ந்து, ஒரே பாட்டுப் புத்தகத்தை இருவரும் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்குள் என்ன பேச்சு நடந்தது, யார் அழுதார்கள், யார் இறங்கி வந்தார்கள் என்று அன்னம்மாளுக்கு இன்றுவரை தெரியாது. தெரிந்துகொள்ள ஆசைதான். அந்த ஆசை வரும்போதெல்லாம், வந்திருப்பது யார் என்று மட்டும் அவளுக்கு நன்றாகத் தெரிகிறது.